அம்மாவின் அறைக்கு ஏசி: தனி வயர் இழுக்க வேணுமா? எர்த் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பரந்தன் வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பரந்தனில், பூநகரி வீதியில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. பின்பக்கம் பத்துக்குப் பத்து அடியில் ஓர் அறை கூட்டிக் கட்டி, அதில் அம்மாவை வைத்துப் பார்க்கிறோம். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறா. சீற் கூரை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் அந்த அறைக்குள் நிற்கவே ஏலாது. வியர்வையால் முதுகில் புண் வரப் பார்க்கிறது, அறையைக் குளிராக வைத்திருங்கள் என்று பார்க்க வருகிற தாதி சொன்னா. அதனால் ஏசி ஒன்று போடலாம் என்று முடிவு.

வந்து பார்த்த வேலையாள், அறையில் இருக்கிற 13 ஆம்பியர் பிளக்கிலேயே கொழுவலாம், வேறு வயர் தேவையில்லை என்றார். எர்த் சரியா என்று கேட்டேன். ரிப் சுவிட்ச்சில் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வெட்டுகிற சுவிட்ச்) இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்தினார், விழுந்தது, எர்த் நல்லா இருக்கு என்றார். ரொறன்ரோவில் இருக்கிற தம்பியோ, பத்தாம் கேஜ் வயர் இழு, வெளியில் தனிப் பெட்டி வை, இரட்டை பிரேக்கர் போடு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஃபேன் தானாக மெதுவாகி விடும். தண்ணி மோட்டர் போட்டால் லைற் மங்கும்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

இன்வேர்ட்டர் ஏசி, அதாவது கொம்பிரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுகிற ஏசி, வாங்குங்கள் அக்கா. சாதாரண ஏசி உங்கள் கரண்டுக்குச் சரிவராது. குறைந்த வோல்ட்டேஜைக் கூட்டித் தருகிற ஸ்ரெபிலைசர் ஒன்றும் வையுங்கள், அவ்வளவுதான்.

வவுனியா வயர்மன் எழுதியது:

தங்கச்சி, ஏசி வாங்க முதல் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதில் என்னைப் பயப்படுத்துவது அந்த டெஸ்ட் பட்டன் கதைதான். முதலில் அதைச் சொல்கிறேன்.

டெஸ்ட் பட்டனுக்கும் எர்த்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பட்டனை அமத்தினால், ரிப் சுவிட்ச்சுக்குள்ளேயே இருக்கிற சின்ன ரெசிஸ்ரர் வழியாக லைனில் இருந்து நியூட்ரலுக்கு ஒரு சிறு கரண்ட் போகும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமன் இல்லாததால் அது விழும். வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் விழும். ரிப் சுவிட்ச் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

இலங்கையில் சாதாரண வீட்டுக்கு மின்சார சபை லைனும் நியூட்ரலும்தான் தரும். எர்த் எங்கள் வளவில் நாங்கள் அடிக்கிற கம்பி. அந்தக் கம்பி மண்ணோடு எப்படி ஒட்டி நிற்கிறதோ அதுதான் உங்கள் எர்த். ஏசியின் வெளிப்பெட்டி தகரம். உள்ளே லைன் வயர் உரசித் தகரத்தில் முட்டினால், எர்த் இருந்தால் அந்த நொடியே ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் விழாது. யாராவது வந்து பெட்டியில் கை வைக்கும் வரைக்கும் அது 230 வோல்ட்டோடு சும்மா நிற்கும். கை வைத்த ஆளின் உடம்பால் கரண்ட் பாய்ந்த பிறகுதான் சுவிட்ச் விழும். அந்த ஆளை நம்பி வயரிங் செய்யக்கூடாது.

எர்த் கம்பி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிளாம்பு கண்ணுக்குத் தெரிகிறதா, வயர் அதில் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். வோல்ட்டேஜையும் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பகல் ஒருக்கா, இரவு ஏழரைக்கு ஒருக்கா. இரவு அளக்கும்போது மோட்டர் போட்டும் போடாமலும். மோட்டர் போட்டபடி போர்ட்டிலும் (பிரேக்கரும் ரிப் சுவிட்ச்சும் இருக்கிற பெட்டி) மோட்டரடியிலும் இரண்டு இடத்திலும் எடுக்க வேணும். தெரிந்த ஆளைக் கொண்டு அளவியுங்கள், நீங்கள் போர்ட்டைத் திறக்க வேண்டாம்.

13 ஆம்பியர் பிளக் பற்றி: சின்ன ஏசி எடுக்கிற கரண்ட் 13 ஆம்பியருக்குள்தான் வரும், அது உண்மை. பிரச்சினை அது இல்லை. அந்த பிளக் தனியாக இல்லை, அதே வயரில் அயன்பொக்ஸ், குக்கர் எல்லாம் தொங்கும். ஏசி மணிக்கணக்கில் ஓடுகிற சாமான். பிளக் பேஸில் ஒரு ஸ்குரூ லூசாக இருந்தால் அந்த இடம் மணிக்கணக்கில் சூடாகும். உருகிப் பழுப்பு நிறமான பிளக் எத்தனையோ கழற்றியிருக்கிறேன், அநேகமாக எல்லாம் ஏசியும் வோட்டர் ஹீற்றரும் கொழுவியவை.

ரொறன்ரோ ஈசன் எழுதியது:

நான் இங்கே ஹீட் பம்ப் (ஏசி மாதிரித்தான், வீட்டைச் சூடாக்கவும் செய்யும்) பூட்டுகிற வேலை செய்கிறேன். அக்காவின் தம்பி சொன்னது கனடாவுக்குச் சரி. ஆனால் அதை அப்படியே பரந்தனுக்குக் கொண்டு போக முடியாது.

இங்கே வீட்டுக்கு வருவது 120 வோல்ட் இரண்டு. இரண்டு லைனுக்கும் இடையில் 240. ஹீட் பம்ப் அந்த இரண்டு லைனிலும் ஓடுகிறது, அநேகமானவற்றுக்கு நியூட்ரல் தேவையில்லை. இரண்டும் உயிர் வயர் என்பதால் இரட்டை பிரேக்கர். அங்கே ஒரு லைன், ஒரு நியூட்ரல், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே 60.

பத்தாம் கேஜ் என்பது ஐந்தேகால் சதுர மில்லிமீற்றர் அளவு. ஏன் அவ்வளவு மொத்தம் என்றால் இங்கே மெஷின் பெரிது, வீடு முழுவதையும் சூடாக்க வேணும். கடும் குளிரில் ஹீட் பம்ப் மட்டும் காணாது என்று உள்ளே மின்சார ஹீற்றரும் வைப்போம், அதற்கு இன்னும் மொத்தமான வயர். தெர்மோஸ்ரற்றுக்கு என்று 24 வோல்ட்டில் தனியாக ஏழெட்டு மெல்லிய வயர் போகும், ஆர், சி, வை, ஜி, ஓ என்று எழுத்துப் போட்டு. சுவரில் பூட்டுகிற சின்ன ஏசிக்கு அதெல்லாம் கிடையாது. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் நாலு வயர், கதை முடிந்தது.

சூடாக்கவும் செய்கிற மொடல் வேணுமா என்று யாராவது கேட்டால், வன்னியில் தேவையில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். அந்தக் காசை வயருக்குப் போடுங்கள்.

இன்னொரு விசயம், இங்கிருந்து ஜன்னல் ஏசியை சாமான் பெட்டியில் போட்டு அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட்டேஜ் மாறும், ஹேர்ட்ஸ் மாறாது. தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் தம்பி சொன்னபடி செய்யலாம்: வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஐசோலேற்றர், அதாவது கரண்டை முழுதாகத் துண்டிக்கிற சுவிட்ச். சேர்விஸ் செய்ய வருகிறவனின் உயிருக்கு அது காவல்.

பரந்தன் வீடு எழுதியது:

அளந்தாச்சு. பகல் 228. இரவு ஏழரைக்கு மோட்டர் இல்லாமல் 203. மோட்டர் போட்டதும் போர்ட்டில் 194, கிணற்றடியில் மோட்டரில் 191. மோட்டர் ஒரு குதிரைவலு, அளந்தபோது ஆறு ஆம்பியர் எடுத்தது. போர்ட்டும் மீற்றரும் முன் விறாந்தையில் ஒரே இடத்தில். கிணற்றுக்கு வயர் 28 மீற்றர் வரும்.

எர்த் கம்பி குசினிக்குப் பின்னால் இருந்தது. சுத்திவர சீமெந்து போட்டபோது அதையும் சேர்த்து மூடிவிட்டார்கள். கொத்திப் பார்த்தோம். பச்சை வயர் கிளாம்படியில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தமாதிரி ஆகி, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு காலமும் எர்த் இல்லாமல்தான் இருந்திருக்கிறோம் போல.

வவுனியா வயர்மன் எழுதியது:

கொத்திப் பார்த்தது பெரிய வேலை தங்கச்சி. ஏசி வந்தாலும் வராவிட்டாலும் இந்த எர்த்தை இந்தக் கிழமையே செய்வியுங்கள். மோட்டர், ஃபிரிஜ் எல்லாமே அதில்தான் நிற்கின்றன.

வோல்ட்டேஜ் கணக்கு: மோட்டரின் ஆறு ஆம்பியருக்கு மீற்றரடியில் 203இல் இருந்து 194, ஒன்பது வோல்ட் விழுகிறது. வீட்டுக்குள்ளே போர்ட்டில் இருந்து கிணறு வரை மூன்று வோல்ட்தான். 2.5 எம்எம் கேபிளில் ஒரு மீற்றருக்கு ஓர் ஆம்பியருக்கு 18 மில்லிவோல்ட் விழும், 28 மீற்றருக்கும் ஆறு ஆம்பியருக்கும் மூன்று வோல்ட், கணக்குச் சரி. அப்படியென்றால் உங்கள் உள் வயரிங்கில் குற்றம் இல்லை. விழுவது வெளியில்: ட்ரான்ஸ்போமரில் இருந்து வருகிற லைன், கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற சேர்விஸ் வயர், அதன் மூட்டுகள்.

இந்த நாட்டில் விதிப்படி 230இல் ஆறு வீதம் கூடலாம், குறையலாம். கீழ் எல்லை 216. நீங்கள் மோட்டர் போடாமலே 203இல் நிற்கிறீர்கள். இது முறையிட வேண்டிய விசயம். யுத்தகாலத்தில் கம்பிக் கரண்டே காணாத இடங்களுக்கு 2009க்குப் பிறகுதான் லைன் வந்தது. அப்போது பத்து வீட்டுக்கு இழுத்த லைனில் இப்போது நாற்பது வீடு, ஒவ்வொன்றிலும் மோட்டரும் ஃபிரிஜும். லைனின் கடைசியில் இருக்கிறவனுக்குத்தான் அடி.

இப்போது அதே லைனில் ஏசியைச் சேர்த்துப் பாருங்கள். 12000 பீரியூ (குளிராக்கும் திறனின் அளவு) இன்வேர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால் இந்த வோல்ட்டேஜில் ஐந்து ஆம்பியருக்கு மேல் எடுக்கும். இன்னும் எட்டு வோல்ட் போகும். மோட்டரும் ஓடினால் 186. சாதாரண ஏசி என்றால் கொம்பிரசர் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல நாலைந்து மடங்கு கேட்கும். ஒரு கணம் 160க்குக் கீழே போய்விடும். கொம்பிரசர் முனகிவிட்டு நிற்கும், ஓவர்லோட் வெட்டும், திரும்ப முனகும். அப்படியே ஒரு நாள் சுருண்டுவிடும்.

அதனால் இன்வேர்ட்டர்தான், அதில் ஒட்டுசுட்டான் தம்பியோடு எனக்கு ஒத்த கருத்து. ஸ்ரெபிலைசரில் இல்லை.

ஒட்டுசுட்டான் எழுதியது:

ஏன் அண்ணை? எங்கள் வீட்டில் ஸ்ரெபிலைசர் வைத்த பிறகுதான் ஏசி ஒழுங்காக ஓடுகிறது.

வவுனியா வயர்மன் எழுதியது:

ஸ்ரெபிலைசர் கரண்ட் உற்பத்தி செய்வதில்லை தம்பி. 190ஐ 230 ஆக்கித் தருகிறது என்றால், அந்தப் பக்கம் ஐந்து ஆம்பியர் கொடுக்க இந்தப் பக்கம் ஆறுக்கு மேல் இழுக்கும். கூட இழுத்தால் லைனில் இன்னும் விழும். உங்கள் ஏசி நன்றாக ஓடும், பக்கத்து வீட்டு ஃபேன் இன்னும் மெதுவாகும். எல்லா வீட்டிலும் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது வருகிற இன்வேர்ட்டர் பலவற்றில் ஏற்கிற வோல்ட்டேஜ் எல்லையைக் குறிப்புப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். 165, 170 வரை தாங்குகிறதைத் தேடி எடுத்தால் ஸ்ரெபிலைசர் தேவையில்லை. சாதாரண ஏசி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு அது வேணும்தான், மறுக்கவில்லை.

முழங்காவில் ரீச்சர் எழுதியது:

அக்காவின் அறைக்கு 12000 எதற்கு? பத்துக்குப் பத்துக்கு 9000 போதும். ஆனால் சீற் கூரைக்கு நேர் கீழே என்றால் எதுவும் காணாது. முதலில் சீலிங் அடித்து, மேலே வெப்பம் தடுக்கிற ஷீற் விரியுங்கள். எங்கள் வீட்டில் சீலிங் அடித்த பிறகு ஃபேனே போதும் என்றாகிவிட்டது.

பரந்தன் வீடு எழுதியது:

ரீச்சர் சொன்னது மனதில் பட்டது. சீலிங் முதலில், ஏசி 9000 இன்வேர்ட்டர் என்று முடிவு. எர்த்தை எப்படி அடிப்பது? இங்கே ஆடி, ஆவணியில் மண் கல்லுமாதிரி.

வவுனியா வயர்மன் எழுதியது:

அதுதான் வன்னியில் எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. மாரியில் அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த். ஆவணியில் அளந்து பார்க்க வேணும். இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பாதி வேலை. குளிக்கிற தண்ணி போய்ச் சேருகிற வாழையடி இருக்கிறதா? அங்கே அடியுங்கள். வருசம் முழுக்க ஈரம் இருக்கிற மண் வளவுக்குள் அது ஒன்றுதான். செம்பு பூசிய கம்பி, நாலடியில் ஒன்று அடித்துக் காணாவிட்டால் இரண்டாவதை இணையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பிரயோசனம் இல்லை, கம்பியின் நீளத்துக்காவது தள்ளி அடிக்க வேணும். அங்கிருந்து போர்ட் வரை 6 எம்எம் பச்சை வயர், கடையில் 7/1.04 என்று கேட்டால் தருவார்கள். முடிந்தால் நடுவில் மூட்டு இல்லாமல் குழாயில் போட்டு. கிளாம்புக்கு மேல் சீமெந்து போடவே கூடாது, மூடியோடு ஒரு சின்னக் கிடங்கு கட்டிவிடுங்கள், வருசத்துக்கு ஒருக்காவது திறந்து பார்க்கலாம்.

அடித்து முடிந்ததும் எர்த் ரெஸ்ரர் உள்ள ஆளைக் கொண்டு அளவியுங்கள். 200 ஓமுக்கு மேல் வந்தால் அது நிலையான எர்த் இல்லை. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மடு வீதி எழுதியது:

எனக்கு வேறு பிரச்சினை. ஏசி பூட்டிப் போன வருசம் மாரியில் மழை பெய்யும்போதெல்லாம் ரிப் சுவிட்ச் விழுந்தது. பூட்டிய ஆளைக் கூப்பிட்டால், ரிப் சுவிட்ச் பழுது, ஏசி லைனை அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிடலாம் என்று செய்து தந்தார். இப்போது விழுவதில்லை. இதில் ஏதும் ஆபத்து உண்டா?

வவுனியா வயர்மன் எழுதியது:

ஆபத்துத்தான். இதை வாசித்து முடித்ததும் போய் ஏசி பிரேக்கரை நிறுத்துங்கள். மனவருத்தம் வேண்டாம், விளக்கம் சொல்கிறேன்.

உங்கள் எர்த் 60 ஓம் என்று வையுங்கள், வன்னியில் அது மோசமான எர்த் இல்லை. லைன் வயர் வெளிப்பெட்டியில் முட்டுகிறது. 230ஐ 60ஆல் பிரித்தால் நாலு ஆம்பியர்கூட இல்லை. ஏசிக்குப் போட்ட பிரேக்கர் 16 அல்லது 20 ஆம்பியர். அதைப் பொறுத்தவரை இந்த நாலு ஆம்பியர் ஒரு சாதாரண லோட். ஒருநாளும் வெட்டாது. பெட்டி உயிரோடு நிற்கும், எர்த் வயர் வழியாக உங்கள் ஃபிரிஜ், மோட்டர், வோஷிங் மெஷின் எல்லாத் தகரத்துக்கும் அந்த வோல்ட்டேஜ் ஏறும். ரிப் சுவிட்ச் இருந்தால் 30 மில்லி ஆம்பியரில் வெட்டும். எங்கள் மாதிரி எர்த்துக்கு அது ஒன்றுதான் காவல். அதனால்தான் 100 மில்லி ஆம்பியர் மாற்றுங்கள், தாண்டிக் கொடுங்கள் என்று சொல்கிற எவரையும் போர்ட்டுக்குப் பக்கத்தில் விடக்கூடாது.

மழைக்கு விழுந்தது என்றால் ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஈரம் எங்கோ வயருக்குள் போகிறது. சுவருக்கு வெளியே வருகிற இடத்தில் ரேப் சுத்திய மூட்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முல்லைக் கடலோரம் எழுதியது:

எங்கள் பக்கம் உப்புக் காற்று. வெளிப்பெட்டியின் ரேர்மினல் ஒரு வருசத்திலேயே பச்சை பிடித்துவிடும். எறும்பும் உள்ளே கூடு வைக்கும். குரங்கு குழாய்க்குச் சுத்திய பஞ்சைப் பிய்க்கும்போது வயரையும் சேர்த்து இழுக்கும். நான் குழாய், வயர் எல்லாவற்றையும் பீவீசி ட்ரங்கிங்குக்குள் போட்டு, வெளிப்பெட்டிக்குள் வயர் போகிற ஓட்டையைக் கிளாண்ட் வைத்து அடைத்துவிட்டேன். அதன் பிறகு கரைச்சல் இல்லை.

மடு வீதி எழுதியது:

பார்த்தேன் அண்ணை. ட்ரங்கிங்கைக் கழற்ற நடுவில் மூட்டு, ரேப் சுத்தி, அதுவும் தண்ணி தேங்குகிற வளைவில். வயர் காணாமல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏசியை நிறுத்தியாச்சு.

வவுனியா வயர்மன் எழுதியது:

நல்லது. அந்தக் கேபிளை முழு நீளத்துக்கு மாற்றுங்கள், ஒட்டு வேண்டாம். இன்வேர்ட்டரில் நாலு வயரில் ஒன்று உள்பெட்டியும் வெளிப்பெட்டியும் கதைக்கிற வயர். அதில் மூட்டு இருந்தால் கொஞ்சநாளில் எரர் கோட் காட்டி நிற்கும், ஏசியின் எலக்ரோனிக் போர்ட் பழுது என்று சொல்லிக் காசு பறிப்பார்கள். லைனும் நியூட்ரலும் மாறினாலும் பல மொடலில் அதே எரர் வரும். மாற்றிய பிறகு 500 வோல்ட் மெகரால் (வயரின் காப்பு நல்லதா என்று அளக்கிற கருவி) கேபிளைச் சோதிக்க வேணும், ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஆனால் மெகர் வைக்க முதல் இரண்டு பக்கமும் ஏசியில் இருந்து வயரைக் கழற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எலக்ரோனிக் போர்ட் போய்விடும். எல்லாம் முடிந்ததும் லைனைத் திரும்ப ரிப் சுவிட்ச்சுக்குக் கீழே கொண்டு வாருங்கள்.

பரந்தன் வீடு எழுதியது:

எர்த் அடித்தாச்சு. வாழையடியில் ஒன்று, கிணற்றடி வாய்க்கால் பக்கம் ஒன்று. ஒரு கம்பியில் 71 ஓம், இரண்டும் சேர்த்து 38 வந்தது. இனி ஏசி லைன். போர்ட்டில் என்ன போடச் சொல்ல வேணும்? ரிப் சுவிட்ச் விழுந்தால் வீடு முழுக்க இருட்டாகிறது, இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேணும், அதுதான் யோசனை.

வவுனியா வயர்மன் எழுதியது:

38 வறண்ட மாதத்துக்கு நல்ல எண். 30 மில்லி ஆம்பியரில் பெட்டியில் நிற்கக்கூடிய வோல்ட்டேஜ் ஒன்றேகால்கூட வராது.

அம்மாவின் அறை என்பதால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஏசிக்குத் தனியாக ஒரு ஆர்சிபிஓ, 16 ஆம்பியர், சி வகை (கிளம்பும்போது ஒரு கணம் கூட எடுக்கிற கரண்டுக்கு வெட்டாதது), 30 மில்லி ஆம்பியர், லைன், நியூட்ரல் என்று இரண்டு போலும் வெட்டுகிறது. பிரேக்கரும் ரிப் சுவிட்ச்சும் ஒன்றாக இருக்கிற சாமான் அது. அதை இப்போதுள்ள ரிப் சுவிட்ச்சுக்குக் கீழே போட்டால் இரண்டும் சேர்ந்து விழக்கூடும். மெயினில் இருந்து தனி வழியில் எடுக்க வேணும். அப்போது ஏசியில் ஏதும் நடந்தாலும் அறை லைற்றும் ஃபேனும் நிற்காது. வாங்கும்போது ஏ வகை என்று கேளுங்கள், இன்வேர்ட்டரின் கசிவில் டீசி கலந்து வரும், மாறுமின்னோட்டக் கசிவுக்கென்றே செய்த சாதாரண ‘ஏசீ’ வகை ரிப் சுவிட்ச் அதைச் சரியாகப் பிடிக்காமல் விடக்கூடும்.

கேபிள் 2.5 எம்எம், 7/0.67. இந்த ஏசிக்கு அது தாராளம், பத்தாம் கேஜ் தேவையில்லை. அறையில் பிளக் வேண்டாம், சுவரில் இரண்டு போல் ஐசோலேற்றர் சுவிட்ச். வெளிப்பெட்டிக்கு மின்சாரம் உள்ளிருந்து போகிற மொடலா, நேராகப் போகிற மொடலா என்பதை ஏசி வந்த பிறகு அதன் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேணும், ஊகத்தில் வயர் இழுக்க விட வேண்டாம். செய்கிறவரிடம் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் நேரம் அந்த ஐசோலேற்றரை நிறுத்திவிடுங்கள்.

மின்சார சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். நேரமும் வோல்ட்டும் எழுதிக் கொடுங்கள். வெறுமனே கரண்ட் குறைவு என்றால் எடுபடாது. கம்பத்தில் மூன்று ஃபேஸும் போகிறது என்றால், லோட் குறைந்த ஃபேஸுக்கு உங்களை மாற்றிவிடக் கேட்கலாம். அயலில் நாலு வீடு சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. அது நடக்கும் வரை தண்ணி மோட்டரைக் காலமையில் போட்டு ராங்கை நிரப்பி வையுங்கள்.

பரந்தன் வீடு எழுதியது:

முன்வீட்டு அண்ணையும் பக்கத்து இரண்டு வீடும் கையெழுத்து வைக்கச் சம்மதம். ஆர்சிபிஓ ஏ வகை கிளிநொச்சியில் கேட்ட கடையில் இல்லை, வவுனியாவில் இருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார்கள். சாதாரண வகை இப்போதே இருக்கிறது, இரண்டு நாளில் வேலை முடியும் என்கிறார் வேலையாள்.

வவுனியா வயர்மன் எழுதியது:

எடுப்பியுங்கள், அதற்குப் பொறுக்கலாம். அதற்குள் சீலிங் வேலையை முடியுங்கள்.